பல வருடம் நின்ற எஞ்சின்: உடனே ஓட்டுவதா, பொறுமையாக எழுப்புவதா, முழுதாகப் பிரிப்பதா?

பல வருடம் ஓடாமல் நின்ற பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் வரும் ஆசை ஒன்றுதான். நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டு, இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே இத்தனையும். ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் நின்ற காலத்தில் பெரிதாகக் கெடாத எஞ்சின்கள் பல அந்த ஒரு நிமிடத்தில்தான் கெட்டுப்போகின்றன. ஆகவே சாவியைத் தொடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

வழிகள் நான்கு. ஒன்று, அப்படியே ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இரண்டு, எஞ்சினைக் காரிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதித்து, சுத்தம் செய்து, நிதானமாக எழுப்புவது. மூன்று, எஞ்சினை இறக்கி முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்வது. நான்கு, வேறொரு எஞ்சினைத் தூக்கி வைப்பது. என் மனம் இரண்டாவது வழியில்தான் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எல்லா எஞ்சினுக்கும் அது பொருந்தாது. எது பொருந்தும் என்பதை எஞ்சினே சொல்லும், அதற்கு அரை நாள் வேலையும் இடையில் கொஞ்சம் காத்திருப்பும் போதும்.

நிற்கும் எஞ்சினுக்குள் நடப்பது

நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரின் இன்லெட் வால்வும் (காற்றும் பெட்ரோலும் நுழையும் வழி) இன்னொன்றின் எக்ஸாஸ்ட் வால்வும் (புகை வெளியேறும் வழி) திறந்தபடியே நிற்கும். அந்தத் திறப்பு வழியாக ஈரக்காற்று உள்ளே போய் வரும். சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் படலம் மெல்ல வடிந்துவிடும். பிறகு அங்கே துரு பிடிக்கும், பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று சிலிண்டர் பளபளவென்று இருக்க, நான்காவது மட்டும் செம்மண் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு சிலிண்டரைப் பார்த்துவிட்டு எஞ்சின் முழுவதும் நன்றாக இருக்கிறது என்றோ, முழுவதும் போய்விட்டது என்றோ சொல்லவே கூடாது.

பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கெடும். சில மாதங்களிலேயே அதன் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து கோந்தாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பத்து சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோலில் தண்ணீர் ஏறக்குறைய அரை சதவீதத்தை எட்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அடியில் தங்கும் அந்தத் தண்ணீர்தான் டேங்கை உள்ளிருந்து அரிக்கிறது. பேரிங்குகளிலிருந்தும் ஆயில் இறங்கிப் போயிருக்கும். குளிர்நீர்ப் பாதையில் துரு சேறாகப் படிந்திருக்கும், பெரும்பாலும் கடைசி சிலிண்டரைச் சுற்றி.

முதல் வழி எப்போது சரி?

கார் நின்றது சில மாதங்கள், அதிகம் போனால் ஒரு வருடம், அதுவும் கூரைக்குக் கீழே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்தியது என்றால் முதல் வழி போதும். ஆயில் அளவு, தண்ணீர், புது பெட்ரோல், பேட்டரி பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். அதற்கு மேல் நின்ற எஞ்சினுக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணம், சேதம் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. துருப்பிடித்த சுவரில் ரிங் உரசிக் கீறல் போடும். கைடில், அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலில், ஒட்டிக்கொண்ட வால்வை ராக்கர் என்ற நெம்புகோல் அழுத்தும்போது வால்வு நகராது, ராக்கரைத் தள்ளும் புஷ்ராட் என்ற கம்பி வளையும். பேரிங் உலர்ந்தபடியே சுற்றும். அப்புறம், பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலிலேயே எஞ்சின் ஓடிவிட்டால் எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குள் போய்விடுவார்கள். அந்தப் பெட்ரோலின் கோந்து இன்லெட் வால்வுத் தண்டில் படிந்து, எஞ்சின் ஆறியதும் இறுகிவிடும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது புஷ்ராட் வளையும். முதல் நாள் ஓடியதே என்று குழம்பி நிற்பார்கள்.

முடிவுக்கு முன் அரை நாள்

காரை நிறுத்தியவரிடம் கேட்க முடிந்தால், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். ஓட்ட ஆள் இல்லாமல் நின்ற காரும், சூடு ஏறி நின்ற காரும் ஒன்றல்ல. ஒரு பழுதுக்காக நிறுத்திய எஞ்சினில் அந்தப் பழுது இன்றும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, மேலே பத்து வருடத் துரு வேறு சேர்ந்திருக்கிறது.

அடுத்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். எலிகள் கூடு கட்ட மிகவும் விரும்பும் இடம் அது. சைலன்சர் குழாயின் முனையையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் மெக்கானிக்கல் ஃபியூவல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், பெட்ரோல் இறங்கியிருக்கலாம். ஆயில் டிரெய்ன் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். சில சொட்டு வந்தால் பல வருட ஈரம் குளிர்ந்து இறங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பை அளவு வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ (சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) பிளாக்கில் விரிசலோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இப்போது பிளக்குகள். சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள்தான் விழும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விடுங்கள். ஹெட் அலுமினியம் என்றால் மரை பிய்ந்து வராமல் கால் திருப்பு முன்னே, கால் திருப்பு பின்னே என்று கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வையுங்கள். துருவோடு வரும் பிளக் எந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும் என்று காட்டிவிடும். கைபேசியில் இணையும் சிறிய குழாய்க் கேமரா ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. சுவரில் மெல்லிய பழுப்புத் தூசி தெரிந்தால் பயமில்லை. பிஸ்டன் நின்ற இடத்தில் வளையம் போல ஒரு துருக்கோடு தெரிந்தால் எச்சரிக்கை. நகம் இடறும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் மூன்றாவது வழியைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுற்றும் அடி அச்சு) புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் கையால் திருப்புங்கள். கிராங்கோடு கேமை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டை, இணைத்துச் சுற்றும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், 1966-இல் ஃபியட் 124 ஸ்போர்ட்டில் வந்த இரட்டைக் கேம் எஞ்சின் போல, அந்த பெல்ட்டை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மாற்றியே ஆக வேண்டும். பார்க்க நன்றாக இருந்தாலும் பல வருடம் ஒரே வளைவில் நின்ற ரப்பர் அது. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

இரண்டு முழுச் சுற்று மென்மையாகச் சுற்றினால் இரண்டாவது வழிக்குத் தகுதியான எஞ்சின் உங்களிடம் இருக்கிறது. சுற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கடினமாக முட்டினால் அங்கே நிறுத்துங்கள். ஒட்டிய வால்வோ, சிலிண்டருக்குள் விழுந்த ஏதோ ஒன்றோ தடுக்கிறது. கொஞ்சமும் அசையவில்லை என்றால் அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

இறுகிப்போன எஞ்சின்: ஊறவைப்பதா, பலம் காட்டுவதா?

முதலில், இறுகியிருப்பது எஞ்சின்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு காரில் நான் ஐந்து நாள் சிலிண்டர்களை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் செல்ஃப் மோட்டாரின் பினியன் ஃப்ளைவீல் பல்லில் மாட்டி நின்றிருந்தது. மோட்டாரின் இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் எஞ்சின் வெண்ணெய் போலச் சுற்றியது. அன்றிலிருந்து செல்ஃபைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

உண்மையிலேயே இறுகியிருந்தால் ஊறவைப்பதுதான் வழி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்த கலவை பலருக்குப் பிடித்தது. அசிட்டோன் அதை நீர்க்க வைத்து இடுக்குகளுக்குள் இறங்கச் செய்யும். இரண்டும் தாமாகக் கலந்து நிற்காது, ஊற்றும்போதெல்லாம் குலுக்க வேண்டும். அசிட்டோன் ஆவியாகிவிடும், பெயின்டைக் கெடுக்கும், எளிதில் தீப்பிடிக்கும். கடையில் கிடைக்கும் துரு இளக்கும் எண்ணெயும் இந்த வேலையைச் செய்யும். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம். மூன்று நாளில் விட்டுக்கொடுக்காத எஞ்சின் மூன்று வாரத்தில் விட்டுக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் ஊற்றிய அளவைக் கவனியுங்கள். குறைந்துகொண்டே வந்தால் எண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்குகிறது, அல்லது திறந்த வால்வு வழியாக வழிகிறது. ஒரு சொட்டும் குறையாத சிலிண்டர்தான் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும் சிலிண்டர். கைப்பிடியில் அளவான அழுத்தம் கொடுத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் போதும், அந்த அசைவை மட்டும் மீண்டும் மீண்டும் செய்து, எண்ணெய் விட்டு, மறுநாள் வாருங்கள்.

காரை கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பதையும், செல்ஃபால் உடைக்கப் பார்ப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரிங் உடையும், பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பு பெயரும், கனெக்டிங் ராடு வளையும். ஊறவைத்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின் இரண்டு நிமிடத்தில் முழு ஓவர்ஹாலுக்குப் போய்விடும்.

ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பது இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் நடுவில் நிற்கும் வேலை. உள்ளே கண்ணால் பார்க்க முடியும், மரக்கட்டை வைத்துப் பிஸ்டனை மெல்லத் தட்ட முடியும். ஆனால் ஹெட்டைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டட் கம்பிகள் முறியும். ட்ரயம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4 வரையிலான கார்களில் இருப்பது போன்ற ஈர லைனர் எஞ்சின் (சிலிண்டர் தனிக் குழாயாக உட்கார்ந்து, அதைச் சுற்றிக் குளிர்நீர் நேரே ஓடும் வகை) என்றால், ஹெட் அழுத்தம் போனதும் லைனர் மேலே எழும்பலாம். அடியில் உள்ள சீல் விட்டுப்போய் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கும். லைனர்களைப் பிடித்து வைக்கத் தகடு மாட்டாமல் கிராங்கைத் திருப்பவே கூடாது. நானாக இருந்தால் ஒரு மாதம் ஊறவைத்தும் அசையாத எஞ்சினுக்கு மட்டுமே ஹெட்டைக் கழற்றுவேன்.

இரண்டாவது வழியில் செய்ய வேண்டியது

எஞ்சின் கையால் சுற்றுகிறது. சரி, இப்போது அவசரப்படாமல் இருப்பதுதான் கடினம்.

ராக்கர் கவரைத் திறந்து, யாராவது கிராங்கை மெல்லத் திருப்ப, ஒவ்வொரு வால்வும் கீழே போய்த் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். சோம்பலாகத் திரும்பும் வால்வின் தண்டில் எண்ணெய் விட்டு, மரப்பிடியால் தட்டித் தட்டி இளக வைக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்கில் துரு அரித்த தடம் இருந்தால் அதை மாற்றுங்கள், ஓடும்போது உடைந்தால் வால்வு உள்ளே விழும். கேமிலும் அதன் மேல் உட்காரும் டேப்பட்டிலும் ஆயில் தாராளமாக ஊற்றுங்கள்.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் விட்ட பிறகு, எஞ்சின் ஓடாமலேயே ஆயில் பிரஷரை வரவழைக்க வேண்டும். முழுச் செயல்முறையிலும் இதற்கு இணையான முக்கியம் வேறொன்றுக்கும் இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் தண்டே ஆயில் பம்பைச் சுற்றும் அமைப்புள்ள எஞ்சின்களில், டிஸ்ட்ரிப்யூட்டரை எடுத்துவிட்டு டிரில் மெஷினால் பம்பைச் சுற்றலாம். மற்றவற்றில் பிளக்குகள் இல்லாமல், காயில் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி, மீட்டர் முள் எழுகிறதா என்று பாருங்கள். பிளக் இல்லாததால் பேரிங் மீது சுமை மிகக் குறைவு. முள் எழவே இல்லை என்றால் பம்ப் வறண்டிருக்கும். அதைத் திறந்து பற்களுக்கிடையே பெட்ரோலியம் ஜெல்லி அடைத்து மூடினால் உறிஞ்சத் தொடங்கும். ஊறவைத்த எண்ணெய் சிலிண்டரில் மிச்சமிருந்தால் இந்தச் சுற்றலில் அதுவும் வெளியே தெறித்துவிடும். இது அவசியம், ஏனெனில் திரவத்தை அமுக்க முடியாது. பிளக்கைப் போட்ட பிறகு உள்ளே திரவம் நின்றால் வளைவது கனெக்டிங் ராடு.

அந்த நேரத்திலேயே கம்ப்ரஷனும், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும், அளந்துவிடலாம். எண் குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டாம். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால் எண் நன்றாக ஏறுகிறதா? அப்படியென்றால் ரிங். ஏறவில்லையா? அப்படியென்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. வால்வு இருக்கையில் படிந்த மெல்லிய துரு ஓட ஓடத் தானே தட்டிப் போய்விடும். இந்தக் கட்டத்தில் வரும் குறைந்த எண்ணை வைத்து எஞ்சினை இறக்க முடிவு செய்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

எரிபொருளில் எனக்குச் சமரசம் இல்லை. பழைய டேங்கை முதல் ஸ்டார்ட்டுக்கு இணைக்கவே வேண்டாம். எஞ்சினிலிருந்து தள்ளி, பத்திரமாகக் கட்டிய தனிக் கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுங்கள். ரப்பர் ஹோஸ் அனைத்தையும் எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றுங்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட், நீடில் வால்வு, மிதவைக் கிண்ணம் எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். டேங்கைப் பிறகு தனியாக இறக்கிக் கழுவிக்கொள்ளலாம்.

குளிர்நீர்ப் பாதையை இரு திசையிலும் அலசி, தெர்மோஸ்டாட்டையும் ஹோஸ்களையும் மாற்றுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடு மூடிகளைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். துளை விழும் நிலையில் இருந்தால் இப்போதே மாற்றுவது நல்லது. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட்டைத் தேய்த்து, கையேட்டில் உள்ள இடைவெளியை வையுங்கள், பல பழைய எஞ்சின்களில் அது 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு இருவர் வேண்டும், ஒருவர் சாவியில், ஒருவர் தீயணைப்பானோடு எஞ்சின் அருகில். கார் திறந்த வெளியில் நிற்கட்டும். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து நீலப்புகை பல நிமிடம் அடர்த்தியாக வரும், அது இயல்பு. கண்ணை ஆயில் மீட்டரில் வையுங்கள். பத்து விநாடியில் பிரஷர் வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். வந்தால் நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சுற்று வேகத்தில், உறுமவிடாமல், தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடட்டும். சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துப் புதிதாக விடுங்கள். மறுநாள் சாவியைத் திருப்புவதற்கு முன் மீண்டும் கையால் இரண்டு சுற்று திருப்புங்கள், ஒட்டும் வால்வு அப்போதுதான் தெரியும். பிரேக்கைச் சரிபார்க்காமல் காரை ஓர் அடிகூட நகர்த்த வேண்டாம்.

முழு ஓவர்ஹால்

எப்படியும் இறக்கத்தானே போகிறோம், இப்போதே பிரித்துவிட்டால் நிம்மதி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் ஒன்றோடொன்று பல வருடம் உரசிப் பொருந்திய பாகங்களைக் காரணமின்றிக் கலைப்பதில் ஒரு விலை இருக்கிறது. ரீபோர் செய்யும்போது 20, 30, 40, 60 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு சிலிண்டரை அகலப்படுத்துகிறோம். எடுத்த இரும்பு திரும்ப வராது, ஒரு பிளாக்குக்குச் சில முறைதான் அந்த வாய்ப்பு. கிராங்க் அரைப்பதும் அப்படியே. உதிரிபாகம் எளிதில் கிடைக்காத எஞ்சின் என்றால் வேலை நடுவில் நிற்கும். பாதி பிரித்த நிலையில் டப்பாக்களில் கிடந்து, பாகங்கள் தொலைந்து, மீண்டும் சேராமலே போன எஞ்சின்களை நினைத்தால் மனம் கனக்கிறது. நின்ற காரால் இழந்ததைவிடப் பிரித்த காரால் இழந்தது அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனாலும் தயங்காமல் இறக்க வேண்டிய நேரமும் உண்டு. ஆயிலில் பேரிங் உலோகம் மின்னினால், பிளாக்கில் விரிசல் இருந்தால், சிலிண்டர் சுவரில் ஆழமான குழி இருந்தால், ஓடும்போது அடியிலிருந்து சுமையில் தட்டும் ஒலி வந்தால், அப்போது இரண்டாவது வழி எஞ்சினைக் கொல்லும். பிரித்துவிட்டால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். பிளாக்கை விரிசல் சோதனைக்குக் கொடுங்கள், நீர்ப்பாதையின் சேற்றை முழுதாக எடுங்கள், ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடின எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளை அப்போதே போட்டுவிடுங்கள். தட்டை டேப்பட் எஞ்சினில் புதுக் கேம் போட்டால், முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 சுற்றுக்கு மேல் ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்டியாக வேண்டும். புதுக் கேமுக்கு மெதுவான ஐட்லிங் ஆகாது.

வேறு எஞ்சின் வைப்பது கடைசி வழி. பிளாக் உடைந்துபோய் சரிசெய்ய முடியாது என்றால் மட்டும். மாற்றாக வரும் எஞ்சினும் எங்கோ பல வருடம் நின்றதாகவே இருக்கும், அதற்கும் இதே அரை நாள் சோதனை வேண்டும். பிளாக்கில் பொறித்த எண் ஆவணத்தோடு பொருந்துவதும் காரின் அடையாளத்தில் ஒரு பகுதி. பழைய பிளாக்கைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள்.

பதினோரு வருடம் நின்ற ஒரு காரில் இரண்டாவது வழியை முழுதாகக் கடைப்பிடித்தோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்ப்ரஷன் மூன்று சிலிண்டர்களில் 125 முதல் 130 பிஎஸ்ஐ, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 70. ஆயில் விட்டு அளந்தால் 75, அதாவது ரிங் இல்லை, வால்வு. கூட இருந்தவர்கள் ஹெட்டை இறக்கலாம் என்றார்கள். முந்நூறு கிலோமீட்டர் பொறுங்கள் என்றேன். அந்த முந்நூறும் மெதுவாக, ஒவ்வொரு முறையும் எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டினோம், நடுவில் ஒரு முறை ஆயில் மாற்றினோம். திரும்பி வந்து சூட்டோடு பிளக்கைக் கழற்றி அளந்தபோது அந்தச் சிலிண்டரில் முள் 118-இல் நின்றது. ஹெட் இன்னும் கழற்றப்படவில்லை.